கார் நனையாமல் படகு இறக்க: டிரெய்லரை மாற்றியமைக்க ஒரு வழிகாட்டி

14 அடி முதல் 18 அடி வரை நீளமுள்ள ஒரு ஃபைபர் படகு, அதற்கு ஒற்றை ஆக்ஸில் டிரெய்லர், இழுக்க ஒரு பொலேரோ அல்லது அதுபோல ஒரு வண்டி. கடலூரிலோ புதுச்சேரியிலோ படகை வீட்டில் நிறுத்திவைத்து, வேண்டும்போது ஆற்றிலோ முகத்துவாரத்திலோ இறக்கிக்கொள்ள நினைப்பவரா நீங்கள்? இது உங்களுக்காகத்தான். தாழங்குடாவிலும் வீராம்பட்டினத்திலும் டிராக்டர் வைத்துப் பெரிய படகைக் கரையேற்றுகிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

நம் கரையில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. அமாவாசை, பௌர்ணமியில்கூடச் சுமார் ஒரு மீட்டர்தான் தண்ணீர் ஏறி இறங்கும். ஆகவே நீரேற்றத்துக்குக் காத்திருந்து பெரிய லாபம் இல்லை. சரிவும் பெரும்பாலும் மெல்லியது. கடையில் கிடைக்கும் டிரெய்லரை அப்படியே கொண்டுபோனால், படகு மிதப்பதற்குள் காரின் பின்சக்கரம் உப்புத் தண்ணீரில் இருக்கும். இல்லையென்றால் ஆறு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ள வேண்டும். டிரெய்லரில் சில மாற்றங்களைச் செய்தால் இரண்டு பேரே இறக்கி ஏற்றலாம்.

பட்டறைக்குப் பட்டறை அலைந்தும் அலுவலக வரிசையில் நின்றும் தெரிந்துகொண்டதை, வேலையைச் செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். இந்த வரிசை முக்கியம். காகிதம் முதலில், அளவு இரண்டாவது, வெட்டு ஒட்டு மூன்றாவது, துத்தநாக முலாம் கடைசி. முலாம் பூசிய பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் முலாம் எரிந்துபோகும், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

1. காகித வேலை

டிரெய்லரும் சட்டப்படி ஒரு வண்டி. அதற்குத் தனிப் பதிவு, தனிப் பதிவுச் சான்றிதழ், தனிக் காப்பீடு உண்டு. அதில் நீளம், ஆக்ஸில், எடை எல்லாம் எழுதியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது இதுதான்: சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, மாற்றுவதாக இருந்தால் பதிவு அலுவலரின் ஒப்புதல் வேண்டும், மாற்றிய 14 நாட்களுக்குள் சான்றிதழோடு போய்த் தெரிவித்துப் பதிய வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-யின்படி, அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். வெல்டிங் பட்டறையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். “அதெல்லாம் யாரு சார் பாக்குறா?” என்பார்கள். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் பார்ப்பார்.

செய்யவேண்டியது எளிது. டிரெய்லரின் பக்கவாட்டுப் படம் ஒன்றைக் கையாலேயே வரைந்து, இப்போதைய அளவுகளையும் மாற்றப்போகும் அளவுகளையும் எழுதுங்கள். பதிவுச் சான்றிதழ் நகல், காப்பீட்டு நகல், உங்கள் அடையாள அட்டை நகல், நான்கு பக்கத்துப் புகைப்படங்கள், ஒரு மனு. இத்தனையும் எடுத்துக்கொண்டு, வெட்டுவதற்கு முன்பே பதிவு அலுவலகம் போங்கள். டி.என்.31 என்றால் கடலூர், பி.ஒய்.01 என்றால் புதுச்சேரி. வீடு ஒரு பக்கம், பதிவு இன்னொரு பக்கம் என்று இருப்பவர்கள் அதை முதலில் சரிசெய்துகொள்வது நல்லது. மாற்றத்தைத் தெரிவிக்கவேண்டியது நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குரிய அலுவலகத்தில்தான்.

ரோலர், படகை இழுத்து ஏற்றும் வின்ச், வழிகாட்டிக் கம்பம் எல்லாம் போல்ட்டில் மாட்டிக் கழற்றும் பொருட்கள். பெரிதாக யாரும் கேட்பதில்லை என்றாலும் மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உயரம், நீளம், ஆக்ஸில் இருக்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கை வைக்காதீர்கள். வாய்மொழியாக “செஞ்சிட்டு வாங்க, பாத்துக்கலாம்” என்றால் அது அனுமதி ஆகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 0.75 டன்னுக்குள் இருந்தால் அது டி1 வகை. அதைத் தாண்டினால் 3.5 டன் வரை டி2. இரும்பைக் கூட்டிக்கொண்டே போனால் கோட்டைத் தாண்டிவிடும். அதனால்தான் அடுத்த வேலை எடை.

2. எடையும் சரிவும்

படகு, இன்ஜின், எரிபொருள், நங்கூரம், ஐஸ் பெட்டி என்று முழுச் சுமையோடு எடைமேடைக்குப் போங்கள். நூறு இருநூறு ரூபாய்க்குள் முடியும். டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றித் தனியாக நிற்க வைத்து எடை எடுக்க வேண்டும். எடைமேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், நமக்கு அது போதும்.

ஒரு கணக்கு: படகு 350 கிலோ, இன்ஜின் 70, மற்ற சாமான் 60, டிரெய்லர் 220. மொத்தம் 700.

கார்க் கொக்கியின் மேல் எவ்வளவு எடை உட்காருகிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் போதும். அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, காரில் மாட்டும் உயரத்துக்கே வரும்படி டிரெய்லரின் மூக்கை அதன் மேல் வையுங்கள். சக்கரங்களுக்கு அடை கொடுக்க மறக்காதீர்கள். மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வர வேண்டும். 700 கிலோவுக்கு 50 முதல் 70 கிலோ. இதைவிடக் குறைந்தால் சாலையில் டிரெய்லர் வால் ஆட்டும். கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி, ஸ்டியரிங் லேசாகிவிடும். எண்ணை எழுதி வையுங்கள், மாற்றம் முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும்.

அப்புறம் சரிவு. நீங்கள் படகு இறக்கப்போகும் இடத்துக்குக் கொத்தனாரின் ரசமட்டமும் நேரான இரண்டு மீட்டர் பலகையும் கொண்டுபோங்கள். பலகையின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, மட்டம் பார்த்து, மறுமுனைக்கும் தரைக்கும் இடையே டேப் பிடியுங்கள். 25 செ.மீ. வந்தால் சரிவு எட்டுக்கு ஒன்று. 16 அல்லது 17 செ.மீ. வந்தால் பன்னிரண்டுக்கு ஒன்று. தண்ணீருக்கு மேலே மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். முழங்கால் அளவு தண்ணீரிலும் அளக்க வேண்டும், கான்கிரீட் எங்கே முடிகிறது என்று காலால் தடவியும் பார்க்க வேண்டும். பல இடங்களில் சாய்தளம் முடிந்ததும் ஒரு பள்ளம் இருக்கும். டிரெய்லர் சக்கரம் அதில் விழுந்தால் டிராக்டர் தேடிப் போகவேண்டியதுதான்.

இப்போது கணக்கு. டிரெய்லரில் படகின் அடிப்பகுதி தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, மிதக்கும்போது படகு 25 செ.மீ. ஆழம் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். படகின் அமரம் (பின்முனை) மிதக்க 70 செ.மீ. தண்ணீர் வேண்டும். எட்டுக்கு ஒன்று சரிவில் அந்த ஆழம் நீர்விளிம்பிலிருந்து 5.6 மீட்டர் தூரத்தில் வரும். பன்னிரண்டுக்கு ஒன்றில் 8.4 மீட்டர். படகின் நீளம் 5 மீட்டர், அணியத்திலிருந்து (முன்முனை) கொக்கி 1 மீட்டர், கொக்கியிலிருந்து காரின் பின்சக்கரம் 1.2 மீட்டர், ஆக மொத்தம் 7.2. முதல் சரிவில் சக்கரம் காய்ந்தே இருக்கும், எந்த மாற்றமும் வேண்டாம். இரண்டாவது சரிவில் சக்கரம் 1.2 மீட்டர் தண்ணீருக்குள். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். தேவையே இல்லாமல் பட்டறையில் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாதவர்கள்தான்.

3. முதலில் உயரத்தைக் குறையுங்கள்

எல்லோரும் நேராக டிரெய்லரின் மூக்கை நீளமாக்கும் நீட்டத்துக்குத்தான் போகிறார்கள். ஆனால் மேலே உள்ள கணக்கை மறுபடி பாருங்கள். பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில், படகு உட்காரும் உயரத்தை 10 செ.மீ. குறைத்தால் இறங்கவேண்டிய தூரம் 1.2 மீட்டர் குறைகிறது. அந்த உதாரணத்தில் சக்கரம் நனைவதே நின்றுவிடுகிறது. நீட்டம் பிறகு ஒரு கூடுதல் பாதுகாப்புக்கு மட்டும்தான்.

குறைக்க இரண்டு வழி. உங்கள் டிரெய்லரில் ஸ்பிரிங் பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருந்தால், அதை ஆக்ஸிலுக்குக் கீழே கொண்டுவந்து யூ போல்ட்டைத் திருப்பி மாட்டலாம். ஆக்ஸில் தடிமனும் பட்டைக் கட்டின் தடிமனும் சேர்ந்து ஏறக்குறைய 10 செ.மீ. இறங்கும். ஆக்ஸிலைத் தலைகீழாகப் புரட்டிவிடாதீர்கள். பல ஆக்ஸில்களில் நடுவில் லேசான மேல்வளைவு இருக்கும், புரட்டினால் சக்கரங்களின் மேல்பகுதி உள்பக்கமாகச் சாய்ந்து டயர் தின்னும். ஸ்பிரிங் உட்காரும் தட்டை மட்டும் இடம் மாற்றி ஒட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி, படகைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை நேர்க்கம்பியிலிருந்து நடுவில் தாழும் வி வடிவத்துக்கு மாற்றுவது. செலவு கூடும். முதல் வழியில் சட்டம் இறங்கி டயர் மட்கார்டில் உரசினால் மட்டும் இதற்குப் போங்கள்.

எதைச் செய்தாலும் படகின் அடிக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே ஸ்பிரிங் முழுக்க அமுங்கினாலும் தட்டாத இடைவெளி இருக்க வேண்டும். கடலூர் – புதுச்சேரி சாலையின் வேகத்தடைகள் இந்தச் சோதனையை இலவசமாகச் செய்துகாட்டும். வேலை முடிந்ததும் மூக்கின் உயரம் மாறியிருக்கும், காரின் கொக்கித் தட்டையும் அதற்கேற்ப இறக்கி மாட்டுங்கள். டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும்.

செலவு: தட்டு மாற்றம், புது யூ போல்ட், வெல்டிங் கூலி எல்லாம் சேர்ந்து மூன்று நான்காயிரம் ரூபாய். போட்ட பணத்துக்குக் கிடைக்கும் பலனில் இதற்கு இணையாக ஒன்றுமில்லை.

4. உள்ளிருந்து இழுக்கும் நீட்டம்

பெரிய சதுரக் குழாய்க்குள் சிறிய சதுரக் குழாய். சாலையில் ஓடும்போது உள்ளே தள்ளிக் குறுக்கே ஒரு ‘பின்’ (இரும்பு ஆணி) போட்டிருக்கும், தண்ணீர் ஓரம் வந்ததும் பின்னைக் கழற்றிக் காரை முன்னே நகர்த்தினால் நீளும், மறுபடி பின் போட்டுப் பின்னோக்கி இறக்கலாம். நீளம் கூடினால் ரிவர்ஸ் எடுப்பதும் சுலபம். குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கும், நீண்டது நிதானமாகத் திரும்பும்.

குழாய்த் தேர்வில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிக்குழாய் 72×72 மி.மீ., சுவர் 4.8 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள். உள்ளளவு 62.4 வரும், அதற்குள் 60×60 குழாய் இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளியோடு அழகாக ஓடும். கடைக்காரர் 72-லேயே 4 மி.மீ. சுவரைக் கொடுத்து “எல்லாம் ஒண்ணுதான்” என்பார். ஒன்றல்ல. உள்ளளவு 64 ஆகிவிடும், சாலை முழுக்கக் கடகடவென்று ஆடும், பின் துளை நாளடைவில் நீள்வட்டமாகிவிடும். வெர்னியர் காலிபர் கையில் இருக்கட்டும்.

குழாயின் உட்புறம் நீளவாக்கில் ஒரு வெல்டிங் தையல் மேடு ஓடும். உள்குழாய் அதில் முட்டும். நீண்ட கம்பியில் அரம் கட்டித் தேய்க்கலாம், அல்லது உள்குழாயின் அந்த முகத்தைக் கிரைண்டரில் லேசாக இழைக்கலாம். கடையிலேயே ஒரு துண்டை நுழைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம். வெளிக்குழாயின் வாயில் மட்டும் ஒரு சாண் தேய்த்துவிட்டு “ஓடுது சார்” என்று காட்டுவார்கள், முழு நீளமும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

உள்குழாயின் சுவரும் 4.8 மி.மீ. இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. படகின் அமரம் மிதக்கத் தொடங்கியதும் எடை முழுக்க முன்பக்கம் சாய்கிறது. நிலத்தில் 50 கிலோ காட்டிய மூக்கில் அந்த நேரத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு உட்காரும். நீட்டிய குழாய் அதையெல்லாம் தாங்க வேண்டும். 150 கிலோ, இரண்டு மீட்டர் நீட்டம் என்று கணக்குப் போட்டால் 4.8 மி.மீ. சுவர் தாங்குகிறது. 3 மி.மீ. சுவரில் இரும்பு வளையும் எல்லைக்கே போய்விடும். கிலோக் கணக்கில் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

முழுக்க நீட்டினாலும் உள்குழாய் குறைந்தது 60 செ.மீ. வெளிக்குழாய்க்குள் இருக்க வேண்டும். ஆக 1.8 மீட்டர் நீட்டம் வேண்டுமென்றால் உள்குழாய் 2.4 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். வெளிக்குழாயை டிரெய்லரின் மூக்குச் சட்டத்துக்கு அடியில் நிறுத்தி, பின்னால் இரண்டு குறுக்குச் சட்டங்கள் வரை கொண்டுபோய்த் தட்டும் போல்ட்டும் போட்டுக் கட்டுங்கள். மூக்கு முனையில் மட்டும் ஒட்டி நிறுத்தக் கூடாது.

அந்தப் பின்னுக்கு 20 மி.மீ. இ.என்.8 எஃகுத் தண்டு. துளை போடும் இடத்தில் குழாய்க்குள் ஒரு புஷ் (சிறு உருளைக் குழல்) ஒட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் இறுக்க இறுக்கக் குழாய் சப்பையாகும். ஒரு பின் போதாது, இரண்டு வேண்டும். உள்குழாய் மொத்தமாக வெளியே வந்துவிடாதபடி கடைசியில் ஒரு தடுப்பும் வேண்டும். பின்னை மறந்துவிட்டுக் காரை நகர்த்துவது எல்லோருக்கும் ஒருநாள் நடக்கும், அன்றைக்கு அந்தத் தடுப்புதான் காப்பாற்றும். பாதுகாப்புச் சங்கிலியை உள்குழாயில் மாட்டாதீர்கள், டிரெய்லரின் முக்கியச் சட்டத்தில் மாட்டுங்கள்.

நீட்டிய நிலையில் சாலையில் ஓட்டவே கூடாது. உள்ளே தள்ளி, இரண்டு பின்னும் போட்டு, சான்றிதழில் உள்ள நீளத்துக்கு வந்த பிறகே கிளம்ப வேண்டும்.

இரும்பு 45 கிலோவுக்குப் பக்கம் வரும். நான் விசாரித்தபோது சதுரக் குழாய் கிலோ 75 ரூபாய் ஒட்டிச் சொன்னார்கள். லேத் வேலை, வெல்டிங், பின் எல்லாம் சேர்த்து எட்டிலிருந்து பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கமுள்ள பட்டறைகளில் லேத்தும் வெல்டிங்கும் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பது வசதி.

இவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: மூக்கில் ஒரு முன்சக்கரம், கனமான நைலான் கயிறு. காரை மேலே நிறுத்தி, டிரெய்லரைக் கழற்றி, கயிற்றில் கட்டி மெல்ல இறக்குவது. கான்கிரீட்டில் நடக்கும். மணலிலோ சேற்றிலோ முன்சக்கரம் புதைந்துவிடும். செங்குத்தான சரிவில் இதைச் செய்யாதீர்கள், கயிறு கையிலிருந்து போனால் 700 கிலோ தானாக ஓடும்.

5. கட்டையா ரோலரா?

படகு மரக்கட்டை மேல் உட்காரும் டிரெய்லரில், படகு கிட்டத்தட்ட முழுக்க மிதந்தால்தான் நகரும். ரோலரில் அமரம் லேசாக மிதந்தாலே உருண்டு இறங்கிவிடும். ஆழம் கிடைக்காத நம் ஆற்றோரங்களுக்கு ரோலர்தான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

படகின் அடிக்கட்டைக்கு நேர் கீழே இரண்டடிக்கு ஒன்றாக ரோலர் வைத்து, பக்கவாட்டில் சாயாமல் இருக்க மட்டும் இரண்டு நீளக் கட்டைகளை விடுங்கள். கடைசி ரோலர் அமரப் பலகைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். இன்ஜின் தொங்கும் இடம் அது. அங்கே தாங்கல் இல்லாமல் படகு வெளியே நீண்டிருந்தால் சில மாதங்களில் அடிப்பகுதி வளைந்துபோகும், அப்புறம் படகு வேகம் பிடிக்காது.

கறுப்பு ரப்பர் ரோலர் மலிவு. வெயிலில் வெடித்து, படகின் அடியில் கறுப்புக் கோடு போடும். பாலியூரித்தேன் ரோலர் ஒன்று அறுநூறு எழுநூறு ரூபாய் என்றாலும் அதையே வாங்குங்கள். தண்டு துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பக்கக் கட்டைக்குக் கார்ப்பெட் சுற்றுவது வழக்கம், ஆனால் அதில் மணல் சேர்ந்து உப்புத்தாள் போலப் படகைத் தேய்க்கும். எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பட்டையைக் கட்டையில் பதித்து, திருகுத் தலையை உள்ளே அமுக்கி முடுக்குவது நல்லது.

ஓர் எச்சரிக்கை. ரோலரும் வழுக்குப் பட்டையும் போட்ட பிறகு படகு சரிவில் சொன்னபடி நிற்காது. தண்ணீரைத் தொடும்வரை வின்ச் பட்டையையோ படகைப் பின்பக்கம் கட்டிய கயிற்றையோ அவிழ்க்காதீர்கள். கான்கிரீட்டில் விழுந்த ஃபைபர் படகைப் பார்த்தவர்கள் இதை இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.

சாய்தளமே இல்லாத கடற்கரை மணலில் இறக்குபவர்களுக்கு மேலே சொன்ன நீட்டம் உதவாது. அங்கே சட்டத்தின் நடுவில் கீல் வைத்துப் பின்பக்கம் சாயும்படி செய்த டிரெய்லரும் அகலமான டயரும்தான் வேலை செய்யும். மணலில் டயர் காற்றை 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, சாலைக்கு வந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு சின்ன கம்ப்ரசர் வண்டியில் இருக்கட்டும். காரைக் கொண்டு அலையடிக்கும் இடம் வரை போகலாம் என்ற யோசனையையே விட்டுவிடுங்கள். ஊரில் டிராக்டர் வைத்திருப்பவரிடம் பேசிக் கூலி கொடுப்பது கிளட்ச் பிளேட் மாற்றுவதைவிட மலிவு.

6. வின்ச்சும் கம்பங்களும்

வின்ச் பெட்டியில் போட்டிருக்கும் திறன், உருளையில் முதல் சுற்று மட்டும் இருக்கும்போது கிடைப்பது. பட்டை சுற்றச் சுற்ற இழுவிசை குறையும். 480 கிலோ படகுக்கு 500 கிலோ வின்ச் வாங்கிவிட்டு மூச்சுவாங்காதீர்கள், 800 கிலோ எடுங்கள். கம்பிக்கயிறு உப்பில் நூல்நூலாகப் பிரிந்து கையைக் கிழிக்கும், 50 மி.மீ. பாலியஸ்டர் பட்டை நல்லது. வின்ச்சும் பட்டையும் ஐந்தாயிரத்தை ஒட்டி வரும். படகின் அணியத்தில் உள்ள வளையத்துக்கு நேராகவோ ஒரு விரல் மேலாகவோ பட்டை வரும்படி வின்ச் கம்பத்தின் உயரம் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் இழுக்க இழுக்க அணியம் கீழே குத்தும். பல்லை விடுவித்துக் கைப்பிடியைத் தானாகச் சுழலவிடாதீர்கள், மணிக்கட்டை உடைத்துவிடும்.

பின்பக்கம் இரண்டு மூலையிலும் செங்குத்தாக ஜி.ஐ. குழாய், அதன் மேல் பி.வி.சி. குழாயைச் செருகி நிறுத்துங்கள். பக்கக்காற்று அடிக்கும் மாலையில் படகை ஏற்றும்போது அதன் அருமை தெரியும். டிரெய்லர் தண்ணீருக்குள் இருக்கும்போது அது எங்கே இருக்கிறது என்று காட்டுவதும் அந்தக் கம்பங்கள்தான். செலவு ஆயிரத்துச் சொச்சம்.

7. ஹப், பேரிங், விளக்கு

பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். உடனே தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சும். இருபது நிமிடம் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் படகில் சாமான் ஏற்றலாம், டீ குடிக்கலாம். இதற்கென்று ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி கிடைக்கிறது. உள்ளே எப்போதும் லேசான அழுத்தத்தில் கிரீஸை வைத்திருக்கும். உள்ளூர்க் கடையில் இல்லையென்றால் ஆன்லைனில் வாங்கலாம், உங்கள் ஹப் துளையின் விட்டத்தை அளந்து வாங்குங்கள். தண்ணீர் தாங்கும் மரைன் கிரீஸ்தான் போட வேண்டும்.

பேரிங் எண்ணைக் கழற்றும்போதே எழுதிக்கொள்ளுங்கள். 30205, 30206 போன்ற வழக்கமான எண் என்றால் எந்த ஊரிலும் கிடைக்கும். ஒரு ஜோடியும் இரண்டு ஆயில் சீலும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

விளக்குகளை டிரெய்லரில் நிரந்தரமாகப் பொருத்தாமல் ஒரு பலகையில் பொருத்தி, இறக்கும் முன் பலகையோடு கழற்றிக் காரில் போடுவதே எனக்குப் பிடித்த முறை. நிரந்தரமாக வேண்டுமென்றால் நீர்புகா எல்.இ.டி. மட்டும். எப்படியிருந்தாலும் தண்ணீரில் இறக்கும் முன் மின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

8. துத்தநாக முலாம்

பெயின்ட் நம் உப்புக்காற்றில் ஒரு வருடம் தாங்கினால் அதிசயம். சூடான துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முலாம்தான் வழி. கிலோக் கணக்கில் விலை. சிறு வேலையை உடனே எடுக்க மாட்டார்கள், பெரிய ஆர்டரோடு சேர்த்துப் போடுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் பொறுக்க வேண்டும். பட்டறைக்காரரே அனுப்பி எடுத்துத் தருவாரா என்று முன்பே கேளுங்கள்.

அனுப்பும் முன் நான்கு விஷயம் பாருங்கள்.

மூடிய குழாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தொட்டியின் வெப்பம் ஏறக்குறைய 450 டிகிரி. உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் வெடிக்கும், ஆளைக் கொல்லும். ஒவ்வொரு குழாயின் இரு முனையிலும் துளை வேண்டும். பின்னாளில் உப்புத் தண்ணீர் வடியவும் அதே துளைகள்தான்.

பின் துளைகளைக் கொஞ்சம் பெரிதாகவே விடுங்கள். உள்குழாயும் வெளிக்குழாயும் தனித்தனியாகப் போக வேண்டும், செருகியபடி போனால் ஒட்டிக்கொண்டு வரும். திரும்பி வந்ததும் வெளிக்குழாயின் உள்ளே உறைந்த சொட்டுகளை அரத்தால் நீக்க வேண்டும்.

சேசிஸ் எண். ஆழமில்லாமல் குத்தியிருந்தால் துத்தநாகம் அதை நிரப்பிவிடும், அப்புறம் அலுவலகத்தில் எண்ணைத் தேய்த்து எடுக்க வராது. அனுப்பும் முன் பென்சிலால் தாளில் தேய்த்தெடுத்து, புகைப்படமும் எடுத்து வையுங்கள். அந்த இடத்தை மறைத்து அனுப்ப முடியுமா என்று முலாம் போடுகிறவரிடம் கேளுங்கள். வெட்டும்போதும் ஒட்டும்போதும் அந்தத் துண்டில் கை வைக்கவே கூடாது.

ஸ்பிரிங், ஹப், ரப்பர், ரோலர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தை மட்டும் அனுப்புங்கள்.

9. எப்போது செய்வது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் பழுது பார்க்கப்படும். கடலூர் முதுநகரிலும் தேங்காய்த்திட்டிலும் துறைமுகத்தை ஒட்டிய வெல்டர்களும் லேத்காரர்களும் உங்கள் ஒற்றை டிரெய்லருக்கு நேரம் தர மாட்டார்கள். ஜூலை, ஆகஸ்டில் கொடுங்கள். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வேலை முடிந்து டிரெய்லர் வீட்டில் நிற்க வேண்டும். புயல் அறிவிப்பு வந்தால் படகைக் கரையிலிருந்து மேட்டுக்கு இழுக்க அதுதான் வேண்டும். அலுவலக மனு, அலைச்சல் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

10. இடமும் முதல் இறக்கமும்

மீன்பிடித் துறைமுகச் சாய்தளம் என்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். மீனவக் கிராமக் கரை என்றால் ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்களைப் பார்த்துப் பேசிவிட்டுப் போங்கள். “ஐயா, இந்த இடத்துல படகு இறக்கிக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டால், எந்த நேரத்தில் எங்கே மணல்திட்டு இருக்கிறது என்பதையும் சொல்லித் தருவார்கள். முகத்துவாரத் திட்டுகள் மழைக்கு மழை இடம் மாறும், போன வருடத்து அனுபவத்தை நம்ப முடியாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் முட்டையிட மணலுக்கு வரும் காலம். அப்போது இரவில் கடற்கரையில் வண்டி ஓட்டாதீர்கள். சக்கரத் தடத்தில் விழும் குஞ்சுகளால் ஏறிவர முடியாது.

புதுச்சேரியிலிருந்து கடலூர் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் படகின் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். முடிச்சு மேல் முடிச்சாகக் கட்டாமல், சுலபமாக அவிழும்படி கட்டுங்கள். டிரெய்லரின் பதிவுச் சான்றிதழும் காப்பீடும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

முதல் முறை வார நாளில் காலையில் போங்கள். ஞாயிறு மாலை தேவனாம்பட்டினம் பக்கம் போனால் ஊரே நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும். மேலே சமதளத்திலேயே தயாராகுங்கள்: படகின் வடிகால் துளைக்குத் தக்கையைப் போடுவது, அணியத்தில் கயிறு கட்டுவது, பின்கட்டைத் தவிர மற்றக் கட்டுகளை அவிழ்ப்பது, பிளக்கைப் பிடுங்குவது. தக்கையை வின்ச் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் மறக்காது. பிறகு நீட்டத்தை இழுத்து இரண்டு பின்னும் போட்டு, ஒருவர் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மெல்லப் பின்னால் வாருங்கள். டிரெய்லர் தண்ணீரைத் தொட்டதும் நிறுத்திப் பின்கட்டை அவிழ்த்து, மேலும் இறக்குங்கள். அமரம் எழும்பியதும் காரை நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்கு அடை கொடுத்துவிட்டு வின்ச்சைத் தளர்த்துங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் டிரெய்லரைக் கழுவுங்கள். குழாய்களின் முனைத் துளை வழியாக உள்ளேயும் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், நீட்டத்தை வெளியே இழுத்துவைத்துக் காயவிடுங்கள். யூ போல்ட்டும் ரோலர் போல்ட்டும் முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் தளரும், மறுநாள் ஸ்பேனரோடு ஒரு சுற்று வந்து இறுக்குங்கள். கொக்கி எடையையும் அன்றே மறுபடி பாருங்கள். 7 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் வின்ச் கம்பத்தை இரண்டு மூன்று அங்குலம் முன்னே நகர்த்துங்கள், படகும் முன்னே வரும். கடைசி ரோலரையும் அதே அளவு முன்னுக்குக் கொண்டுவாருங்கள், அமரம் தாங்கலில்லாமல் நிற்கக் கூடாது. அப்படியும் எடை வரவில்லையென்றால் ஆக்ஸிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்கு மறுபடி மனு எழுத வேண்டும்.